நன்றிப் பட்டியலில் அவர் பெயர்

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றி வரும் இடத்தில் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற வருடங்கள் உண்டு. பக்கத்தில் நிற்கும் அம்மா முழங்கையால் இடிப்பாள். இடிக்கட்டும் என்று நிற்பேன்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, கருவேலங்காட்டை வெட்டிக் கட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவள். நான் சொன்ன அந்த ஆள் எங்கள் துறைத் தலைவர், எம்.இ. படித்தவர். அந்த எம்.இ.யை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியாத குறைதான்.

இரண்டாயிரத்து ஐந்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னும் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை ஓட விடும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. உள்ளே ஓடுவதை வெர்ச்சுவல் மிஷின் என்பார்கள். அது தன்னைத் தனி மிஷின் என்றே நினைத்துக்கொள்ளும். உண்மையில் அது ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். அந்த மென்பொருள் யாருடைய சொத்தும் இல்லை. உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். புதுப் பதிப்பை வெளியிடும் முன்னால் பீட்டா என்ற சோதனைப் பதிப்பை நெட்டில் போட்டு, ஓட்டிப் பாருங்கள், உடைந்தால் சொல்லுங்கள் என்று ஊரையே கூப்பிடுவார்கள். டிப்ளமோவா எம்.இ.யா என்று கேட்க மாட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

லேப்பில் கடைசியாக வாங்கிய மிஷினில் பீட்டாவைப் போட்டேன். யுபிஎஸ்ஸில் இடம் இல்லாததால் அதை மட்டும் சுவர்ப் பிளக்கில் நேராகச் சொருகியிருந்தோம். அப்போது எங்கள் பக்கம் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. காலை பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டுக்கு வரும். கல்லூரி ஜெனரேட்டரை வாட்ச்மேன் போய் ஓட்டிவிட ஒரு நிமிடமாவது ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் இந்த மிஷின் மட்டும் பொட்டென்று அணையும். திரும்ப எழுந்ததும் பார்த்தால், வெளியே எல்லாம் நன்றாக இருக்கிறது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த வெர்ச்சுவல் மிஷின் மட்டும் செத்துக் கிடக்கிறது. ஃபைல் இருக்கிறது, அளவும் சரி, ஆனால் திறக்கவில்லை.

மென்பொருள்காரர்களின் பிழைப் பக்கத்தில் எழுதிப் போட்டேன். பிழை எப்படி வரும் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒன்று, வெர்ச்சுவல் மிஷினை ஓட விடவும். இரண்டு, பத்து மணி வரை காத்திருக்கவும். அங்கே யாரோ சிரித்திருக்க வேண்டும். எங்களுக்கு வரவில்லை என்று ஒரே வரியில் என் புகாரை மூடிவிட்டார்கள். விடுவேனா? மறுபடி திறந்தேன். பிறகு ஒருவர் பொறுமையாகக் கேட்டார், பத்து மணிக்கு என்ன நடக்கும் என்று. கரண்ட் போகும் என்று எழுதினேன். தினமுமா என்றார். தினமும் என்றேன். அப்புறம்தான் அவர்களுக்கு உறைத்தது. எந்நேரமும் கரண்ட் இருக்கிற ஊர்க்காரர்கள், பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டு நாள், தினமும் காலையில் வந்ததும் புதிதாக ஒரு வெர்ச்சுவல் மிஷின் போடுவேன். பத்து மணிக்கு அது சாகும். நடந்ததையெல்லாம் மிஷினே குறித்துவைக்கும் லாக் ஃபைலை எடுத்து அனுப்புவேன். அவர்கள் எதையாவது திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். பக்கத்து லேப் அக்கா தினமும் எட்டிப்பார்த்து, "என்னடி, இன்னைக்கும் சாவு விழுந்துருச்சா?" என்பாள். பதிமூன்றாம் நாள் அவர்கள் அனுப்பிய திருத்தத்தைத் தனி ஃபோல்டரில் வைத்து ஓட்டினேன். கரண்ட் போய் வந்தது. உள்ளே இருந்தது சாகவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன்.

லேப்பிலிருந்து வெளி மெயில் எதுவும் திறக்காது. அதனால் எல்லாவற்றையும் துறையின் பொது மெயிலிலிருந்துதான் அனுப்பியிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அந்தத் திருத்தம் மென்பொருளில் சேர்ந்த வாரம் எனக்கு அம்மை போட்டது. வீட்டில் வேப்பிலையில் படுத்துக் கிடந்தபோது அவர்களிடமிருந்து மெயில் வந்திருக்கிறது: புதுப் பதிப்போடு உதவியவர்களின் நன்றிப் பட்டியலும் வெளியாகிறது, உங்கள் பெயரை எப்படிப் போடுவது? துறைத் தலைவர் பதில் அனுப்பிவிட்டார். தன் பெயர், தன் படிப்பு, தன் பதவி.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்கு வந்த அன்று அந்தப் பட்டியலைப் பார்த்தேன். நேராக அவர் அறைக்குப் போனேன்.

"டிபார்ட்மென்ட் மெயில்ல வந்துச்சு. ஹெட் பேருதானம்மா போடணும்?" என்றார்.

"வேலை பாத்தது நான் சார்."

"யாரு இல்லைன்னா? ஆனா உன் பேரைப் போட்டா யாருக்கும்மா தெரியும்? போ, போயி வேலையப் பாரு."

வெளியான பட்டியலை மாற்ற முடியாது என்று மென்பொருள்காரர்களும் வருத்தத்தோடு எழுதிவிட்டார்கள். "விட்டுத் தொலடி, அம்புட்டுத்தான்" என்றாள் அம்மா. விட்டிருப்பேனோ என்னவோ. ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், உலக அளவில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாராம். அந்தப் பொன்னாடையைத் தட்டில் வைத்து மேடைக்கு எடுத்து வர என்னைத்தான் சொன்னார்கள். எடுத்துப் போனேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தார். உனக்கு இருக்குடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அங்கீகாரக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. கல்லூரியே வெள்ளையடித்துக்கொண்டது. துறைத் தலைவர் தன் கண்டுபிடிப்பைக் குழுவுக்கு ஓட்டிக் காட்டப் போவதாக அறிவித்தார். என்னிடம் வந்து, "அந்த மிஷின்ல எல்லாம் ஓடுதுல்ல?" என்றார்.

"ஓடுது சார். ஆனா திருத்துறதுக்கு முந்தின பீட்டாதான் கிடக்கு. புதுசு போட்டுரட்டுமா?"

"ஓடுறதை ஏம்மா நோண்டுற? குழு வந்துட்டுப் போற வரைக்கும் அதுல கை வைக்கக் கூடாது."

"சரிங்க சார்" என்றேன். ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்க எனக்கென்ன தலையெழுத்தா? சுவர்ப் பிளக்கைப் பற்றி நானாகச் சொல்லவும் இல்லை.

குழு வந்த அன்று ஒன்பதரைக்கு லேப்புக்கு வருவதாக இருந்தது. பிரின்சிபால் விடவில்லை. பொங்கல், வடை, கேசரி, அதன்மேல் சிறுமலை வாழைப்பழம் என்று திணித்து அனுப்பியதில், குழுவினர் வரும்போது மணி ஒன்பது ஐம்பது. நான் கதவோரம் நின்றேன். மனசுக்குள் அப்படி ஒரு குளுகுளுப்பு. துறைத் தலைவர் வெர்ச்சுவல் மிஷினை ஓட விட்டு, பன்னிரண்டு நாள் தான் பட்ட பாட்டை விவரிக்க ஆரம்பித்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகாகப் புளுகினார்.

ஃபேன் நின்றது. லேப்பில் அத்தனை மானிட்டரும் எரிய, அவர் முன்னால் இருந்தது மட்டும் இருண்டது.

"யுபிஎஸ் என்னம்மா ஆச்சு?"

"அந்த மிஷினுக்கு யுபிஎஸ் கிடையாது சார். வாங்குன நாள்லருந்தே."

ஜெனரேட்டர் ஓடியது, மிஷின் எழுந்தது. அவர் வெர்ச்சுவல் மிஷினைத் தட்டினார். திறக்கவில்லை. திரும்பத் தட்டினார். கழுத்துப்பட்டைக்குள் வியர்வை இறங்குவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். குழுவில் ஒரு பேராசிரியை இருந்தார், நரைத்த தலை, பருத்திச் சேலை. "இது நீங்க கண்டுபிடிச்ச பிழைதானே? எப்படி மீட்கிறதுன்னு காட்டுங்க" என்றார்.

துறைத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ செத்த இதைப் பாரும்மா."

அந்த வெர்ச்சுவல் மிஷினின் நகல் ஒன்று பக்கத்து ஃபோல்டரிலேயே இருந்தது. இரண்டு நிமிட வேலை.

"கண்டுபிடிச்சது சார்தான். சாருக்குத்தான் தெரியும்" என்றேன்.

இப்போது எழுதும்போதுகூட நாக்கில் இனிக்கிறது. அவர் எதை எதையோ தட்டினார். இது எதனால் வருகிறது என்று பேராசிரியை கேட்டார். "வைரஸா இருக்கலாம் மேடம்" என்றார், பாவி மனுஷன். பிரின்சிபால் தரையைப் பார்த்தார்.

பேராசிரியை அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "ஏம்மா, உனக்குத் தெரியுமா?"

சொன்னேன். உள்ளே ஓடுவது எழுதும்போது ஃபைல் வளர்கிறது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை இந்த பீட்டா உடனே டிஸ்கில் எழுதுவதில்லை, மெமரியில் வைத்துக்கொண்டு பிறகு எழுதுகிறது. அதற்குள் கரண்ட் போனால் துண்டுகள் இருக்கும், அட்டவணை இருக்காது. ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

"பன்னிரண்டு நாள் லாக் அனுப்பினது?"

"நான்தான் மேடம்."

துறைத் தலைவர் ஏதோ சொல்ல வந்தார். பேராசிரியை அவர் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "உன் பேரு என்னம்மா?"

துறைத் தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்பா பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாக, லேப் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.