கோமதியின் விரல்கள் நிமிர்ந்திருந்த மாதங்கள்

கிணற்றுக் கப்பி கிறீச்சிடும் சத்தம்...

விடிந்தும் விடியாத நேரம். பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கொல்லையிலிருந்து வந்தது. வீட்டில் நானும் மனைவி கோமதியும் மட்டும்தான். அவளால் தண்ணீர் இறைக்க முடியாது. பக்கத்தில் பார்த்தேன். அவள் பாய் காலியாக இருந்தது.

எழுபதுகளின் கடைசி. நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் டியூட்டர். கல்யாணமான மறுவருடமே கோமதிக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. காலையில் விரல்கள் வீங்கி, மடங்கியபடியே இருக்கும். ஜாக்கெட் ஹூக் மாட்டுவது, தண்ணீர் இறைப்பது, மாவாட்டுவது எல்லாம் என் வேலை. காலேஜில் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டிப் பார்க்கவே தைரியம் வரவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

கோமதிதான். கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி அவ்வளவு வேகமாக இழுத்துக்கொண்டிருந்தாள். வாளியை வைத்துவிட்டுத் திரும்பி, இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தாள்.

"ஏங்க... வலி அம்புட்டும் போயிருச்சுங்க. உள்ள இருந்து யாரோ ஒவ்வொரு விரலா நீவி விடுற மாதிரி இருக்கு."

அவளுக்கு அப்போது நான்காம் மாதம்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்னவோ முதுகு சில்லிட்டது. அந்த இருட்டில் தெரிந்த விரல்கள் நான் தினம் பிடித்துவிடும் விரல்கள் மாதிரியே இல்லை.

வழக்கமாகக் காட்டும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வயதானவர், எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர். கோமதியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"உடம்புக்குக் காவக்காரங்க உண்டுல்ல, உங்க சம்சாரத்துக்கு அவங்க காவல் காக்குற வீட்டையே போட்டு அடிக்கிறாங்க. அதான் நோய். இப்ப வயித்துல இருக்கிறது பாதி உங்க ரத்தம். காவக்காரங்களுக்கு அது அந்நியம். விரட்டிரக் கூடாதுல்ல? அதனால கர்ப்பத்துல சில புரதங்க ரத்தத்துல சேர்ந்து அவங்கள அமட்டி வைக்குதுன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாது."

"பிள்ளை பிறந்த பிறகு, டாக்டர்?"

"முழிச்சுக்குவாங்க."

வெளியே வந்தேன். கோமதி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அப்படியே சொல்லிவிட்டேன்.

"அப்ப பிள்ளையத் தூக்க எனக்குக் கை இருக்காதா?" என்றாள்.



ஏழாம் மாதம் வளைகாப்பு. அவள் ஊர் டி. கல்லுப்பட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திறங்கினார்கள். முந்தின வருடம் சோப்புப் போட்டும் ஏறாத வளையல், இப்போது வழுக்கிக்கொண்டு ஏறியது. இறுக்கமாக இருந்தால்தான் அழகு என்று ஆளாளுக்குச் சின்ன அளவாகப் பார்த்து அடுக்கினார்கள். நான் கதவோரம் நின்று, "கொஞ்சம் பெரிய சைஸா..." என்று இழுத்தேன்.

"அடடே, மாப்பிள்ளைக்கும் ரெண்டு போட்டு விடுங்கடி, ஆசப்படுறாக!" என்றாள் பெரியத்தை ஒருத்தி. ஒரே சிரிப்பு. நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

தொட்டில் போடும் நாள் வரை வளைகாப்பு வளையலைக் கழற்றக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்குள் காவக்காரர்கள் முழித்துக்கொண்டார்கள். முதலில் கட்டைவிரல். பிறகு ஒவ்வொன்றாக... ஒருநாள் மதியம் மணிக்கட்டே வீங்கி, வளையல்கள் சதைக்குள் இறங்கிவிட்டன. எண்ணெய் விட்டுப் பார்த்தோம். சோப்பும் போட்டுப் பார்த்தோம். கை நீலம் பாரித்தது.

உடைக்க வேண்டும் என்றேன். என் மாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்பிள்ள, நீங்க குத்துக்கல்லாட்டம் முன்னால இருக்கையில, எம்மக வளையல ஒடைக்கிறதா? அந்தக் கண்றாவிய நான் பாக்க மாட்டேன்." அழுதுகொண்டே தெருவுக்கு இறங்கிப் போய்விட்டார்.

கோமதி கையை நீட்டினாள். "நீங்களே ஒடைங்க. நீங்க ஒடைச்சா ஒண்ணும் ஆகாது."

ஈரத்துண்டைச் சுற்றி, குறடால் ஒவ்வொன்றாக நெரித்தேன். துணிக்குள் கண்ணாடி நொறுங்கும் சத்தம்... குழந்தை தூக்கத்தில் ஒவ்வொரு தடவையும் உடம்பைத் தூக்கிப் போட்டது. செத்துப்போன ஒருவன் தன் காரியத்தைத் தானே செய்துகொள்வதுபோல் இருந்தது எனக்கு.

பிறகு அவள் முழங்கைகளுக்கு இடையில் பிள்ளையை ஏந்தப் பழகிக்கொண்டாள். அப்படி ஏந்தியபடி ஒரு சாயங்காலம் அதன் முகத்துக்கு மிக அருகில் குனிந்து, கொஞ்சுகிற குரலில் கேட்டாள்.

"ஏட்டி, திரும்ப உள்ள போயிர்றியா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு பிள்ளை என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், அவள் கேட்பது பிள்ளையையா கையையா என்று எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது ஃபிரிட்ஜில் ஊசி மருந்து இருக்கிறது. காவக்காரர்களைப் பேருக்குப் பேர் அடையாளம் கண்டு அமட்டுகிறதாம். வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. கோணிய விரல்கள் கோணியதுதான். அன்றைக்கே இது இருந்திருந்தால் என்று சில நேரம் நினைப்பேன். ஆனால் அந்தக் கிணற்றடி விடியல் போல் ஒன்றை எந்த மருந்தும் தரவில்லை.

போன வாரம் ஒரு கட்டுரை படித்தேன். சரியாகப் புரிந்ததா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் படித்தேன். குழந்தையின் செல்களில் சில, பிரசவத்துக்குப் பிறகும் தாயின் உடம்பிலேயே பல வருடங்கள் தங்கிவிடுமாம்.

கோமதியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப உள்ளதான் இருக்காளா? இருந்துக்கிட்டா ஒரு வேலையும் பாக்க மாட்டேங்குறா? அவ அப்பவே சோம்பேறி!"

சிரித்துவிட்டு, மறுபடி கீரைக்குக் குனிந்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்...