தேதி போடாத கடிதம்

தொக்மோக் பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள் சைராகுல். பாலில் ஒரு கரண்டி தண்ணீர் கலந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மனுஷர் பேச்சில்தான் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மகன் பிறந்ததும் பிள்ளை வளர்ப்பு விடுப்பில் போனாள். அவனுக்கு மூன்று வயதாகும்வரை ஆட்குறைப்பில் அவள் பேரைத் தொட முடியாது. சட்டம் அப்படி.

பையன் நடக்கத் தொடங்கிய சமயத்தில் பரிசோதனைக் கூடத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. விடுப்பு முடிந்தபின் என்ன ஆகுமோ என்று பயந்துபோய், தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பழச்சாறு ஆலையில் வேலை கேட்டாள். "வேலைப் புத்தகம் வேணும்" என்றார்கள். எங்கே சேர்ந்தாள், ஏன் விலகினாள் என்று ஒருத்தியின் ஜாதகமே அதில் இருக்கும். அதுவோ பால் ஆலையின் பீரோவுக்குள் இருந்தது.

"வேலைய விடாம புத்தகத்தத் தர முடியாதுடி," என்றாள் பணியாளர் பிரிவு தமாரா. "இப்போதைக்கு நகல் எடுத்துட்டுப் போ. சொந்த விருப்பத்துல விலகறேன்னு ஒண்ணு எழுதிக் குடு, தேதி போடாத. அங்க வேலை கெடச்சா தேதி போட்டுக்கறேன். இல்லேன்னா கிழிச்சுப் போடறேன். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

"வம்பு ஒண்ணும் வராதே அக்கா?"

"ஏண்டி, பதினஞ்சு வருஷமா இந்த நாற்காலியத் தேய்க்கறேன். என்மேல நம்பிக்கை இல்லியா?"

எழுதிக் கொடுத்தாள்.

பழச்சாறு ஆலைக்காரர்கள், "புள்ள சின்னது, சளி காய்ச்சல்னு லீவு போடுவீங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். அன்றே தமாராவுக்குப் போன் போட்டு, "அக்கா, அதக் கிழிச்சிடுங்க" என்றாள். "சரி சரி" என்று பதில் வந்தது. நேரில் போய்க் கையோடு கிழித்துவிட்டு வந்திருக்கலாம். போகவில்லை, புண்ணியவதி.

இரண்டே மாதத்தில் பரிசோதனைக் கூடத்தை மூடினார்கள். அவளைப் போலவே விடுப்பில் இருந்த இன்னொருத்தியைத் தொட முடியாமல் வேறு கிளைக்கு மாற்றினார்கள். சைராகுலுக்குத் தபாலில் வேலைப் புத்தகம் வந்தது. 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்.' மூடும் அறிவிப்புக்கு முதல் நாள் தேதி.

ஆலைக்கு ஓடினாள். தமாரா தலை நிமிரவில்லை. "மேல இருந்து அந்தக் கடிதத்தக் கேட்டாங்க. குடுக்கலேன்னா என் வேலை போயிருக்கும்."

"அப்ப என் வேலை?"



தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தாள். அதிகாரி, ஆலையிலிருந்து வந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து உங்களதுதானே?"

"என்னோடதுதான் சார்."

"யாராவது மெரட்டினாங்களா? கட்டாயப்படுத்தினாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நாக்கு வரவில்லை.

"இல்ல சார். நான் எழுதி முடிக்கிற வரைக்கும் தமாரா அக்கா எம்புள்ளய மடியில வெச்சு வெளையாட்டுக் காட்டிட்டிருந்தாங்க."

அதிகாரி 'கட்டாயம் ஏதுமில்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.