அவன் பெயரில் வந்த மருந்து

எனக்கு ரத்தம் உறையாத நோய். முழங்காலுக்குள் கசியத் தொடங்கினால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. மூட்டு மட்டும் தேங்காய் மாதிரி வீங்கிவிடும். அதை நிறுத்தும் ஊசி மருந்து வெளிநாட்டிலிருந்து தானமாக வருகிறது. அது வரும்போதுதான் வரும். வீக்கம் அதுவரை காத்திருக்குமா? அன்றைக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.

நோயாளிகள் சங்கத்தில் கேள்விப்பட்டு, திருச்செங்கோட்டிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அவர் மகனுக்கும் இதே நோய்தான். போன மாதம் பைக்கில் வழுக்கி விழுந்து, தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனான். அவன் ரோட்டில் கிடந்தான், மருந்து வீட்டில் இருந்தது.

"அது ஊட்டுலயே இருக்குதுங்க சாமி. நானே எடுத்துட்டு வாரேன்."

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டிலருகே உட்கார்ந்தார். கருமாதி முடிந்ததும் அவன் துணிமணி எல்லாம் கொடுத்தாயிற்றாம். பிரிட்ஜை மட்டும் அணைக்கவில்லையாம். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலையே பார்த்தார்.

டாக்டர் தேதியைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்றார். மருந்து அட்டையில் அவன் பெயர் பேனாவால் எழுதியிருந்தது. ஊசி போடுமுன் பெயரைப் படித்துக் கேட்பது சிஸ்டரின் பழக்கம். படித்தார்.

"இங்கதானுங்க இருக்கறான்" என்றார் அந்த அம்மா.

மருந்து சில்லென்று ஏறியது. அவர் குனிந்து, வீங்கிய முழங்காலில் கைவைத்து, அதனிடம் மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு நேரத்துக்குக் கொண்டாந்துட்டேன் கண்ணு."