மணிக்கட்டில் சுற்றி வந்த ஜன்னல்

கல்யாணமான புதிதில் நான் கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினேன். என் மனைவி மதுரையில் ஆராய்ச்சி மாணவி. சனிக்கிழமை மலையேறி வருவாள், திங்கட்கிழமை விடியும் முன் இறங்கிவிடுவாள். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. கிராஃபீன் என்ற பெயரே எனக்கு அவள் வாயிலிருந்துதான் தெரியும். பென்சில் கரியை ஒரே ஓர் அணு கனத்துக்கு ஏடாக எடுத்தால் அதுதானாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்சாரம் ஓடும். "அப்ப இருக்குன்னு எப்படி நம்புறது?" என்று சீண்டுவேன். முறைப்பாள்.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். சும்மா இருக்கும்போது பால் வெள்ளையாக இருக்கும். மின்சாரம் கொடுத்தால் தெளிந்துவிடும். மின்சாரம் ஓடுவதற்காக மற்றவர்கள் பூசும் பூச்சு கண்ணாடியில் நன்றாக வேலை செய்யும், பிளாஸ்டிக்கில் பூசி வளைத்தால் விரிசல் விட்டுவிடும். அந்த இடத்தில் இவள் கிராஃபீனை வைத்துப் பார்த்தாள். செய்த துண்டெல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போனது. "இதுவும் போச்சுன்னா படிப்பை விட்டுட்டு இங்கயே வந்துடுறேங்க" என்று போனில் சொன்னாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அந்த ஜன்னலில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை மணிக்கட்டில் வளையலாகச் சுற்றி, ஸ்வெட்டர் கையால் மூடிக்கொண்டு வந்து இறங்கினாள். அடிவாரத்து வத்தலக்குண்டில் இருந்து மலைப்பாதையின் அத்தனை வளைவும் அது வளைந்தபடியே வந்திருக்கிறது. என்ன நெஞ்சழுத்தம்!

சமையலறை ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தை அட்டையால் அடைத்திருந்தோம். அதில் ஓட்டை வெட்டித் துண்டை ஒட்டினாள். பேட்டரிப் பெட்டியில் ஒயரை மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

வெள்ளையாக இருந்தது வெள்ளையாகவே இருந்தது.

"என்னம்மா, அப்படியே கெடக்கு?" என்றார் என் அம்மா. என் மனைவி ஒயரை அழுத்திப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், விறகு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. சுவரைத் தடவிக்கொண்டு ஜன்னலைத் தாண்டும்போது உள்ளே இருந்து அம்மா கத்தினார்.

"ஏலே, நில்லு! ஒம் மூக்கு தெரியுதுடா!"

ஜன்னல் தெளிந்துதான் இருந்திருக்கிறது. வெளியேதான் பார்க்க ஒன்றுமில்லை. மூன்று பேரும் பனியைப் பார்த்துக்கொண்டு துக்கம் அனுஷ்டித்திருக்கிறோம்!

"அங்கேயே நில்லுங்க, அசையாதீங்க" என்றாள் அவள். சுவிட்சை அணைத்தாள், காணாமல் போனாள். போட்டாள், இரண்டு கண்கள். அவை என்னைப் பார்க்கவில்லை. துண்டின் ஓரம் ஓரமாக விரிசல் தேடின. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நிறைந்துவிட்டன. இவள் என் மனைவியா என்று மலைத்துப்போய், குளிரில் பல் கிட்டிக்க நின்றேன்.

அட்டைக்கு இந்தப் பக்கம் இருந்தே சொன்னேன்: "திங்கட்கிழமை வரைக்கும் என்னத்துக்கு? நாளைக்கே வெரசா கெளம்பு, மதுரை லேபுக்கு ஜீப்புல கொண்டுபோய் விடுறேன்."