எத்திராஜுக்கு வந்த வீம்பு

என் கொழுந்தனார் எத்திராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைவு. எழுத்து வராது, கணக்கு நாலு வரைக்கும்தான். அந்த நாலை வைத்துக்கொண்டே மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருமுனை பேக்கிங் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார். நாலு ஸ்குரூ, நாலு வாஷர், ஒரு பிளாஸ்டிக் கவர். ஒருநாளும் தப்பியதில்லை. நானோ மூன்று பேருக்கு உலை வைத்தால் ஐந்து பேருக்கு வடிப்பவள், அவரைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

போன வருஷம்தான் கோளாறு ஆரம்பித்தது. மஞ்சள் ஸ்குரூவையும் வெள்ளை ஸ்குரூவையும் கலந்து போட்டார். வீட்டுப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினார். வீம்பு என்று நினைத்துக் கத்தினேன். நன்றாகவே கத்தினேன், இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாங்கள் விசாரிக்காத ஆள் இல்லை. கிளினிக் டாக்டர், இந்த மாதிரி ஆட்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வரும், இனி கூடிக்கொண்டுதான் போகும் என்றார். ஜோசியர் சனி என்றார். முதலாளி, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, எனக்கு முட்டிவலி. இவருக்கு மறதி முற்றினால் யார் பார்ப்பது என்று பயந்து, நசரத்பேட்டை தாண்டி ஓர் இல்லத்தில் சேர்க்க முடிவு செய்தோம். திங்கட்கிழமை கூட்டிப்போவதாகப் பேச்சு.

சனிக்கிழமை ஆக்னஸ் வந்தாள். கம்பெனியில் எத்திராஜுக்கு எதிரே உட்கார்ந்து கவர் ஒட்டுகிறவள். வாசலில் அவரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு நேராக அடுப்பங்கரைக்கு வந்தாள். இல்லம் இருக்கட்டும், முதலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். எழுத்தே தெரியாதவருக்குக் கண் டெஸ்டா என்று எரிந்து விழுந்தேன். அவள் அசரவில்லை.

கூட்டிப்போய்க் காட்டினால், இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆபரேஷனுக்கு ஆடாமல் படுத்திருப்பாரா என்று எங்களுக்கு நடுக்கம். ஆக்னஸ் வேலை முடிந்து வந்து பத்து நாள் ஒத்திகை பார்த்தாள். பாயில் படுக்கவைத்து, மூடிய கண்மேல் ஈரப் பஞ்சு வைத்து, முகத்தில் துணி போட்டு, நாலு நாலாக எண்ணச் சொன்னாள். ஆபரேஷன் டேபிளிலும் எத்திராஜ் எண்ணிக்கொண்டே கிடந்தாராம்.

இரண்டு கண்ணும் சரியாகி அவர் மறுபடி வேலைக்குப் போன அன்று, ஒரு தூக்குப் பாயசத்தோடு ஆக்னஸ் வீட்டுக்குப் போனேன். அவள் இல்லாவிட்டால் எங்கள் வீட்டு ஆளை நாங்களே தொலைத்திருப்போம். கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டருக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“நான் இன்னாக்கா கண்டுபுடிச்சேன். இன்னாண்ணா ஆச்சுன்னு அவரையே கேட்டேன். எல்லாம் பொகையா கீதுன்னாரு.”

முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் நான். ஊரையெல்லாம் கேட்டேன், அவரைக் கேட்கத் தோன்றவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். ஆக்னஸ் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவளுக்கு நன்றி.

இப்போதெல்லாம் சாயங்காலம் எத்திராஜ் வந்ததும், உடம்பு எப்படி இருக்கிறது என்று அவரையே கேட்கிறேன். யோசித்துப் பதில் சொல்ல அவருக்கு நேரமாகும். அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறேன்.