ஆலா கக்கிய மீன்

போன வருடம் கோவளம் கடற்கரையில் ஒரு பருந்தைக் காட்டி "ஸ்குவா!" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் தாம்பரம் பறவைக் குழுவில் என் பெயர் "பருந்து சார்". குழுத் தலைவர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். நான் வாட்ஸ்அப்பில் கொக்கு பார்த்தேன் என்று போட்டாலும், "பருந்தா இருக்கப்போகுது, நல்லா பாருங்க" என்பார். கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள்.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராது என்பார்கள். நான் சேர்ந்தேன். வடதுருவப் பக்கமிருந்து வலசை வரும் ஸ்குவா என்ற அந்தக் கொள்ளைக்காரக் கடற்பறவையின் படங்களை ஒரு வருடம் பார்த்துக் கிடந்தேன். முதலில் சொன்னவர் பெயரில்தான் பறவை குழுவின் பட்டியலில் ஏறும், அது எங்கள் வழக்கம். ஸ்குவா என் பெயரில் ஏற வேண்டும். அப்போதுதான் பருந்து என்னை விடும்.

இந்த வருடம், புயல் விலகிய மறுநாள் காலை, தலைவரின் காரில் நான்கு பேர் கோவளம் போனோம். கரையோரம் ஆலா என்னும் வெள்ளைக் கடற்பறவைகள் மீனுக்குப் பாய்ந்துகொண்டிருந்தன. பழுப்பாக ஒன்று ஒரே ஆலாவை விடாமல் விரட்டியது. பருந்தென்றால் வாலைத் திருகிக்கொண்டு சோம்பலாக மிதக்கும். இதற்குக் கூரான சிறகு, அதில் வெள்ளைக் கீற்று, வால் நடுவே கரண்டி போல் இரண்டு இறகுகள்.

"ஸ்குவா," என்றேன். இம்முறை கத்தவில்லை.

"ஆரம்பிச்சிட்டாருய்யா," என்றார் தலைவர். "போட்டோ இருக்கா?"

"திரும்பிப் பாருங்க சார்."

"ஒரு பருந்துக்காகல்லாம் கழுத்தைத் திருப்ப முடியாது."

மற்ற இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் நிமிர்ந்தார். "இன்னா சார் சிரிக்கிறீங்கோ? பருந்து எங்கனா ஆலாவ வாந்தி எடுக்க வெக்குமா? இது அடுத்தவன் தொண்டைல கைய வுட்டுத் துன்ற பட்சி."

சொல்லி வாய் மூடவில்லை, ஆலா மீனைக் கக்கியது. தண்ணீரைத் தொடுமுன் பழுப்புப் பறவை கவ்விக்கொண்டது. அப்போதுதான் தலைவர் திரும்பினார். அவர் கேமரா படபடத்தது.

டீக்கடையில் கைப்பேசியைத் திறந்தேன். ஸ்குவா பட்டியலில் ஏறியிருந்தது, தலைவர் பெயரில்.

"சார், முதல்ல சொன்னது நான்."

"சொன்னா ஆச்சா? படம் என்னோடது. படம் இல்லன்னா பறவையே இல்ல."

"இந்தச் சட்டம் எப்போ வந்துச்சு?"

"இப்போதான்."

"அடுத்தவன் தொண்டைல கைய வுட்டுத் துன்ற பட்சி" என்று மீனவர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் குழுவில் போட்டேன். தலைவர் காரில் ஏறாமல் தாம்பரம் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை ஒரு சிரிப்புப் படம்கூட வரவில்லை.