மாடியில் அடுக்கிய அரிசி

இரண்டாயிரத்து ஐந்தில் ஏரித் தண்ணீர் புகுந்தபோது, முடிச்சூரின் அந்தக் குறுக்குத் தெருவில் மாடியில் அறை உள்ள வீடு ஜஹானாரா குடியிருந்தது மட்டும்தான். மற்றவர்கள் மொட்டை மாடிகளில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜஹானாரா ரவிக்கை தைப்பவள். பொத்தேரிக்கு வேலைக்குப் போன கணவர் உமர், பஸ் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அவ்வப்போது அவளை உதவிக்கு அழைக்கும் பல்லாவரத்து அறக்கட்டளை ஒன்று டிராக்டரில் அரிசியும் பிஸ்கட்டும் பால் பவுடரும் கொண்டுவந்து அவள் அறையில் அடுக்கியது. செயலாளர் பர்வேஸ் கிளம்பும்போது சொன்னார்: "தெருவுக்குப் பிரிச்சுக் குடுக்க டோக்கன் எடுத்துட்டு காலைல வந்துடறோம்மா. அதுவரைக்கும் பிரிக்காதீங்க. இது அமானிதம்."

நம்பி ஒப்படைத்த பொருள். அந்தச் சொல்லை மீறி ஜஹானாராவுக்குப் பழக்கமில்லை.

காலையில் யாரும் வரவில்லை. தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது. போன் செத்துவிட்டது. மூட்டைகளுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே காலை நீட்டக்கூட இடமில்லாமல், டப்பாவில் கிடந்த பொரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிர் மொட்டை மாடியிலிருந்து தனம் கூப்பிட்டாள். "அக்கா! கொயந்த கத்திகினே கீது. ஒரு பால் பவுடர் குடுக்கா!"

"அவங்க வந்துடட்டும் தனம். என்னுது இல்லடி."

"உள்ள வெச்சி பூட்டிக்கினு இன்னா பேச்சு இது?" என்று கத்தினார் ஆட்டோ ஓட்டும் சுகுமார். மறுநாள் எல்லா மாடிகளிலிருந்தும் அதே பேச்சு. ஜன்னலைச் சாத்தினாள். புழுக்கத்தில் சாக்கு நாற்றம் குமட்டியது. கீழே இறங்க வழியில்லை, எட்டிப் பார்க்க முகமில்லை.

மதியத்துக்கு மேல் குழந்தையின் அழுகை நின்றுபோனது. அதில்தான் அவளுக்குக் கிலி பிடித்தது. கத்தரிக்கோலால் முதல் மூட்டையைக் கிழித்தாள். ஜன்னலைத் திறந்து, "சுகுமார் அண்ணா, அண்டா எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினாள்.

சுகுமார் தண்ணீரில் அண்டாவை மிதக்கவிட்டபடி வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே, "குடுக்கா" என்றார். முதல் நடையில் பால் பவுடர் தனத்துக்குப் போனது. பொழுது சாய்வதற்குள் அறை காலியானது. குழந்தை குடித்துவிட்டுத் தூங்கிவிட்டதாகத் தனம் கையசைத்துக் காட்டினாள்.

அடுத்த நாள் பர்வேஸ் டோக்கனோடும் பேனரோடும் படகில் வந்தார். காலி அறையைப் பார்த்தார். "உங்கள நம்பித்தானே வெச்சோம்?"

"நீங்க வரலையே அண்ணா."

பெருங்களத்தூரில் அவரும் தண்ணீரில் சிக்கியிருந்தார். பேனரைச் சுருட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அந்த அறக்கட்டளை அவளை எதற்கும் அழைக்கவில்லை.

நாலாம் நாள் உமர் ஜி.எஸ்.டி. ரோடு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். அதற்குள் தெருவில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது: இரண்டு மூட்டையை ஜஹானாரா ஒதுக்கிக்கொண்டாளாம். சுகுமார் அவளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார். அப்படியும் சில பெண்கள் ரவிக்கைத் துணியை வேறு இடத்தில் கொடுத்தார்கள். பிறகு கோவிலம்பாக்கத்தில் வேறு வீடு கிடைக்க, ஜஹானாராவும் உமரும் தையல் மெஷினோடு அங்கே போய்விட்டார்கள்.